கூட்டுரோடு ஒபிரி பேசுகிறேன்

என் அண்ணன் ஒபிரிக்குக் கூட்டுரோட்டில் பஞ்சர் கடை. கடை என்றால் நான்கு கம்பு, மேலே தகரம், முன்னால் வெள்ளை அடித்து நட்டு வைத்த ஒரு லாரி டயர், காற்றடிக்கும் இயந்திரம், ஒரு ரேடியோ. இயந்திரத்தின் மேல் ஒரு விரல் கனத்துக்குப் புழுதி இருக்கும். ரேடியோவை மட்டும் தினம் துடைப்பான். குளிப்பாட்டாத குறைதான். குமாசிக்குப் போகிற ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேன்கள் அங்கே நின்று ஆள் ஏற்றும். ஆள் சேரும்வரை வண்டிக்காரர்களும் பயணிகளும் அவன் ரேடியோவைச் சுற்றி நிற்பார்கள்.

அவன் முகத்தைத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரோடு சரி. குரலைத் தெரிந்தவர்கள் மாவட்டம் முழுக்க. சனிக்கிழமை எந்த ஊர் இழவுக்குப் போனாலும், கறுப்புத் துணி போர்த்தி வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே போகும்போது இவன் வாயைத் திறந்தால் போதும். யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்து, நீங்கள் கூட்டுரோடு ஒபிரிதானே என்று கேட்டுவிடுவார். அப்புறம் செத்தவரை விட்டுவிட்டு இவனைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். அன்றைக்கு அவனுக்குச் சோறு வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு எஃப்.எம். நிலையத்துக்கும் இப்படி விடிந்ததும் போன் போடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். சிலருக்குக் கட்சிக்காரர்கள் போனுக்குக் காசு போட்டுவிடுவார்கள். என் அண்ணனுக்கு யாரும் போட்டதில்லை. அதில் அவனுக்குப் பெருமை. முப்பது வருஷமாக அரசாங்க சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு ஓய்ந்துபோன எனக்கு அதில் என்ன பெருமை என்று விளங்கியதில்லை. ஆனாலும் சொன்னதில்லை. எங்கள் ஆட்களில் ஆணுக்குப் பெண்டாட்டி அடுத்த வீட்டுக்காரி. கூடப் பிறந்தவள்தான் வீடு. அவனுடையதெல்லாம் நாளைக்கு என் பிள்ளைகளுக்கு. அவர்களுக்குத் தாய்மாமன் அப்பனைவிட ஒரு படி மேலே. அப்படிப்பட்டவனிடம் ஒரு ரேடியோவுக்காக வாய் கொடுப்பானேன்.

அவன் போன் போடுவது சேகானுக்கு. காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை அந்த நிலையத்தில் பேசுகிறவன். சேகான் என்றால் எங்கள் மொழியில் கத்தி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ நல்ல பெயர் என்று கேள்வி. அமைச்சரைத் திருடன் என்பான். பிரசங்கியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தக் கார் எந்த விதவையுடைய காணிக்கை என்று கேட்பான். பேச்சுக்கு நடுவில் ஆடு கத்துகிற சத்தம், பாத்திரம் விழுகிற சத்தம் எல்லாம் போடுவான்.

செபே என்று எங்கள் பேச்சில் ஒரு சொல் உண்டு. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் முன்னால் கழிவறை என்று சொல்ல வேண்டியிருந்தால் முதலில் செபே. ஒருவருடைய புண்ணைப் பற்றிப் பேச வேண்டுமா, செபே. நீ சொல்வது பொய் என்று நேருக்கு நேர் எவரும் எவரையும் சொல்லிவிட முடியாது. சொன்னால் பெரியவர்களைக் கூட்டி, மது பாட்டில் வைத்து, சமயத்தில் அபராதமாக ஒரு ஆட்டோடு போய் முடியும். செபே, நான் கொஞ்சம் வேறு மாதிரி கேள்விப்பட்டேன் என்று ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். சேகான் மூன்று மணி நேரத்தில் ஒரு செபே சொல்ல மாட்டான். முதன்முதலில் கேட்டபோது கூட்டுரோட்டில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மறுநாள் சிரித்தார்கள். ஒரு மாதத்தில், அவன் குரல் இல்லாமல் யாருக்கும் பொழுது விடியவில்லை.

என் அண்ணன் அவனை நம்பியதற்குக் காரணம் சிரிப்பு இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஒரு வருஷம் அவன் கடையைப் பிரித்துப் போட்டார்கள். பிரிக்க வந்த அதிகாரி தங்கமான மனிதர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினார். செபே, பெரியவரே, உங்களுக்கு வேறு இடம் தராமல் நாங்கள் விடுவோமா என்றார். அதற்குப் பிறகு அண்ணன் பதினாலு மாதம் அலுவலகத்துக்கு நடந்தான். ஒவ்வொரு தடவையும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார்கள். இடம் மட்டும் கொடுக்கவில்லை. அந்த வருஷம்தான் அவனுக்கு முடி நரைத்தது. கடைசியில் ஒரு நாள் சேகானுக்குப் போன் போட்டு அழுதான். சேகான் அந்த அதிகாரியின் பெயரை ஒரு வாரம் தினம் காலையில், ஆட்டுச் சத்தத்தோடு சொன்னான். எட்டாம் நாள் இடம் கிடைத்தது.

நாங்கள் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் அவன் எனக்கு அதை விளக்கினான்.

"என்கிட்ட மரியாதையா பேசுன அத்தனை பேரும் என்னை ஏமாத்துனவங்கதான் ஃபோசுவா. இவன் ஒருத்தன்தான் மரியாதையில்லாம பேசறான். பொய் சொல்றவன் எதுக்கு இப்படி ஊரையே பகைச்சுக்கணும்?"

 உண்மையைச் சொன்னால், நான் அதற்குப் பதில் தேடவில்லை. நானும் தினம் அந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுப் பயறை விற்றுவிட்டாள் என்று ஒரு நாள் சேகான் சொன்னான். அவள் மாதம் ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்க என்னிடம் வருகிறவள். அடுத்த முறை வந்தபோது பட்டையைக் கொஞ்சம் இறுக்கித்தான் கட்டினேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. அவ்வளவு துணிச்சலாகச் சொல்கிறானே, ஒன்றும் இல்லாமலா சொல்வான் என்று நினைத்தேன். அவள் கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போனாள்.

இனி என் கதை. இதுவும் அவன் கதைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், குழந்தைகளுக்கான மலேரியா மருந்து எங்கள் நிலையத்துக்கு மூன்று மாதமாக வரவில்லை. மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன், நேரில் போனேன், மேலேயும் இல்லை என்றார்கள். காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையோடு வருகிற தாயிடம், கடையில் வாங்கிக்கொள் என்று சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோனது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஃபூஃபூக் களியும் குழம்பும் சாப்பிட வந்த அண்ணனிடம் இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் கையைக் கழுவிக்கொண்டு, இதுக்கு ஒரு வழி பண்ணிடலாம் என்றான். நான் களைப்பில் அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, குழந்தைகளுக்கு எடை பார்க்கிற நாள். நாற்பது தாய்மார்கள் பெஞ்சில். வாசலில் சோளக் கஞ்சி விற்கிறவளுடைய ரேடியோவில் என் அண்ணன் குரல். கூட்டுரோடு ஒபிரி பேசுகிறேன் என்று ஆரம்பித்து, எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் மருந்தே இல்லை, பிள்ளைகள் சாகப்போகின்றன என்று உருக்கமாகச் சொன்னான். எனக்குக்கூட ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் சேகான் கேட்டான்.

"அங்க பொறுப்புல யாரு?"

"ஒரு நர்ஸம்மா."

"அந்தம்மாவுக்கு வீடு இருக்கா?"

 சேகானிடம் அண்ணன் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

"கட்டிக்கிட்டிருக்காங்க."

"எத்தன ரூமு?"

"ஆறு."

பாத்திரங்கள் விழுகிற சத்தம் கேட்டது. "அப்ப மருந்து எங்க போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றான் சேகான். "தண்ணிக்குப் பதிலா மருந்த ஊத்தி சிமெண்டு கொழச்சிருக்காங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். யாரோ ஒருத்தி பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் கையில் தராசில் தொங்குகிற குழந்தை. எத்தனை கிலோ என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

தங்கைதான் அந்த நர்ஸ் என்று ஏன் சொல்லவில்லை என்று அன்று மத்தியானம் கேட்டேன். சொந்தக்காரன் சாட்சியை எவன் எடுத்துக்கொள்வான், மருந்து வர வேண்டுமே என்றுதான் சொல்லவில்லை என்றான். அவன் நல்லதுக்குத்தான் செய்தான். நல்லதுக்குச் செய்ததையெல்லாம் கணக்கெடுத்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜெயிலில் இருக்க வேண்டும்.

அந்த வீட்டைப் பற்றி அவனைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது. பதினோரு வருஷமாக, கையில் மிஞ்சியபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து அச்சில் மண்ணும் சிமெண்டும் போட்டுக் கல் அறுப்போம். அவன்தான் தலையில் சுமந்துகொண்டு வந்து அடுக்குவான். இன்னும் பூச்சு வேலைகூட ஆகவில்லை. ஆறு அறை என்றால் என் பிள்ளைகளுக்கும் அவனுக்கும் எங்கள் அத்தனை பேருக்குமாக ஆறு. அதை ரேடியோவில் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு தாய்மார்கள் நான் கொடுக்கிற மாத்திரைகளை என் கண் முன்னாலேயே எண்ண ஆரம்பித்தார்கள். நான் பிரசவம் பார்த்துப் பிறந்தவன் ஒருவன் வாசலில் நின்றுகொண்டு மருந்து அறையைத் திறந்து காட்டு என்றான். திறந்து காட்டினேன். காலியாக இருந்தது. காலியாக இருந்ததே அவனுக்குச் சாட்சியாகிப்போனது. பூட்டிக் கிடந்த எங்கள் புது வீட்டுச் சுவரில் எவனோ கரியால் மருந்து பாட்டில் படம் வரைந்து வைத்தான்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து மூன்று நாள் பதிவேடுகளைப் பார்த்தார்கள். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. மருந்தே மேலிருந்து வரவில்லை, பொறுப்பாளர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரிய மரியாதையான கடிதம். மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கு என்று தொடங்கி, பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று முடிந்தது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கஞ்சிக்காரி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எவ்வளவு வழவழவென்று எழுதியிருக்கிறார்கள் பார் என்றாள். உள்ளே மறைக்க ஒன்றும் இல்லாவிட்டால் இவ்வளவு வெண்ணெய் எதற்கு என்று அவளுக்குச் சந்தேகம். நான் அவளோடு சண்டை போடவில்லை. சண்டைக்கும் தெம்பு வேண்டும்.

பணி ஓய்வுக்கு அப்போது எனக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. முப்பது வருஷம் வேலை செய்த ஊரில் திருடி என்ற பெயரோடு அந்த வீட்டுக்குக் குடிபோக என்னால் முடியாது. அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் பெயர் எந்த வாயால் போனதோ அந்த வாயால் வர வேண்டும். அதே ரேடியோவில், அதே காலையில், சேகான் சொன்னது பொய் என்று சொல்.

அவன் ஒரு வாரம் சொல்லவில்லை. டயரைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் முறைப்படி போகலாம் என்று எங்கள் குடும்பத்துப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு, மது பாட்டிலை வாங்கிக்கொண்டு, குமாசிக்கு நிலையத்துக்கே போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. விரட்டிவிட்டார்களா என்று கேட்டேன். இல்லையாம். சேகான் எழுந்து நின்று வரவேற்றானாம். குட்டையான, சாந்தமான ஆள். இரண்டு கையாலும் பாட்டிலை வாங்கிக்கொண்டானாம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டானாம். தண்ணீர் கொடுத்தானாம். செபே, பெரியவர்களே, நாளைக்கே சரி பண்ணிவிடுகிறேன் என்றானாம்.

"என்கிட்ட செபே சொல்லிட்டான் ஃபோசுவா" என்றான் அண்ணன். "அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மறுநாள் ஒன்றும் சரியாகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, கூட்டுரோட்டில் இருபது பேர் நிற்க, என் அண்ணன் போன் போட்டான். நான் வேலைக்குப் போகாமல் அவன் பக்கத்தில் நின்றேன்.  அறுபத்திரண்டு வயதுக்காரன், வாழ்க்கையில் ஒரு தடவைகூட இன்னொருவனை அப்படிச் சொன்னதில்லை.

"கூட்டுரோடு ஒபிரி பேசறேன். நீ சொன்னது பொய் சேகான். அந்த நர்ஸ் என் தங்கச்சி. அந்த வீட்டுக் கல்லு நான் சொமந்த கல்லு. மருந்து மேல இருந்தே வரல. நீ பொய் சொல்லிட்ட."

செபே இல்லை. நின்றவர்கள் ரேடியோவை நெருங்கி வந்தார்கள்.  அப்புறம் சேகான் பேசினான். கோபமே இல்லை. அன்றைக்கு நீ பேசியபோது உனக்குத் தங்கை இல்லை, அதனால் உண்மை சொன்னாய், இன்றைக்கு உனக்குத் தங்கை இருக்கிறாள் என்றான். பரவாயில்லை, ரத்தம் பேசுகிறது, அண்ணன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், கூட்டுரோடு ஒபிரியை நான் மன்னித்துவிட்டேன் என்றான். கைதட்டுகிற சத்தம் போட்டான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மாவட்டம் முழுவதிலிருந்தும் போன் வந்தது. எல்லாரும் சேகானைப் புகழ்ந்தார்கள். நிலையத்திலேயே தன்னைப் பொய்யன் என்று சொல்ல விட்டானே, எந்த அமைச்சர் விடுவார், மடியில் கனமில்லாதவனுக்குத்தான் வழியில் பயமில்லை என்றார்கள். ஒருவர்கூட மருந்தைப் பற்றிப் பேசவில்லை. வண்டிக்காரன் ஒருவன் அண்ணன் தோளைத் தட்டி, தங்கச்சிக்காகப் பேசிட்டீங்க, கடமை முடிஞ்சுது என்றான். அண்ணன் டயரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் வேலைக்குப் போனேன்.

இருந்தாலும் அன்று முழுக்க எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. ஊர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. என் அண்ணன் எனக்காக, வாயில் வராத வார்த்தையை ஊர் கேட்கச் சொன்னான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்சமிருந்த வருஷத்தைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் சாப்பிட வந்தான். அவனுக்குப் பிடிக்கும் என்று கருவாடு போட்டுக் கீரைக் குழம்பும் வேகவைத்த வாழைக்காயும் செய்திருந்தேன். கொஞ்சம்தான் சாப்பிட்டான். கையைக் கழுவவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"செவுரு எழும்புன வரைக்கும் எனக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்" என்றான்.

"தெரியாம என்ன?"

"கூரை போட்ட வருஷம் நான் ஒபுவாசி சுரங்கத்துல வேலைக்குப் போயிருந்தேன்." ஒரு வாழைக்காய்த் துண்டைத் தட்டில் நகர்த்தினான். "அந்தத் தகரம் எப்படி வந்துச்சு?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, அவன் இதை இன்றைக்கு நினைக்கவில்லை, பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதும் சேர்த்துப் புரிந்தது. நர்ஸுகள் சங்கத்தில் கடன் வாங்கினேன், சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்றேன். அவன் தலையாட்டினான். பிறகு, கடன் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டான்.

"சேகானுக்குக்கூட இது தோணலயே அண்ணே" என்றேன்.

"நாளைக்கு எவனாவது கேட்டா நான் பதில் சொல்லணுமில்ல" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து சீட்டை எடுத்து வந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி முழுசும் வாசித்தான். அவன் வாசித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். ஊரே என்னைத் திருடி என்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவன் அந்தச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தானே, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பின்பக்கம் வெறும் தாள்.